சனிக்கிழமை மட்டும் சூடாகாத வண்டி

பி.கே.இ. விரைவுச்சாலையில், டெய்ரி ஃபார்ம் ஏற்றத்தின் பாதியில், தங்கத்தின் நீலப் பிக்கப் மூன்றாவது தடவையாக நின்றது.

முதலில் இழுவை போனது. ஆக்சிலரேட்டரைத் தரையோடு சேர்த்து மிதித்தாலும் வண்டி நகர்வேனா என்றது. பிறகு வெப்பமானியின் முள் சிவப்புக்குள் போய் ஒட்டிக்கொண்டது. தங்கம் வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தாள். பானட்டின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. பின்னால் வந்த கண்டெய்னர் லாரி ஹாரனை நீட்டி அடித்துவிட்டுத் தாண்டிப் போனது.

வியாழக்கிழமை காலை. பின்பக்கத்தில் நூறு பிளாஸ்டிக் நாற்காலிகளும் ஒரு கூடாரத் துணியும் இருந்தன. ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு வீட்டு விசேஷம் அவற்றுக்காகக் காத்திருந்தது.

கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுவது தங்கத்தின் தொழில். நாற்பத்தாறு வயதில் அவளுக்கென்று இருந்தவற்றில் அவளே தேடிக்கொண்டவை இரண்டு: அந்தத் தொழிலும் இந்த வண்டியும். ஓட்டுவது அவள். தண்ணீர், எண்ணெய், டயர் பார்ப்பதும் சுமை ஏற்றி இறக்குவதும் பக்கத்து இருக்கையில் இருந்த அஹ்சன். ஜொகூர்க்காரன். தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டி மார்சிலிங்குக்கு வேலைக்கு வருபவன்.

"தண்ணி பாத்தியா அஹ்சன்?"

"கிளம்பறதுக்கு முன்னாடி பாத்தேன் அக்கா. ஃபுல்லா இருந்துச்சு."

"நிச்சயமா?"

"நிச்சயமா லா." அவன் நெற்றிப் பொட்டை அழுத்திக்கொண்டிருந்தான்.

"என்ன செய்யுது?"

"தலைவலி அக்கா. கொஞ்ச நாளா இந்த வண்டியில ஏறுனாலே வருது. வெயிலா இருக்கும்."

தங்கத்தின் கைப்பேசி அடித்தது. விசேஷ வீட்டுக்கார நிவேதிதா. ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், நாற்காலி எங்கே என்றாள். தங்கம் உண்மையைச் சொன்னாள். "பரவால்ல அக்கா, வேற இடத்துல பாத்துக்கறோம்" என்றதோடு தொடர்பு அறுந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது தங்கத்துக்கு.

இழுவை வண்டி பிக்கப்பைச் சுங்கை காடுட்டில் அங்கமுத்துவின் பட்டறையில் கொண்டுவந்து விட்டது. அங்கமுத்து பல வருடமாக இந்த வண்டிக்கு வைத்தியம் பார்ப்பவர். எஞ்சின் ஆறும்வரை பொறுத்திருந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். ஆவியாய்ப் போனது போக மீதித் தண்ணீர் விளிம்பை ஒட்டியே நின்றது.

"அஹ்சன் சொன்னது சரிதான். தண்ணி ஊத்தாம இல்ல" என்றார்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி ஒரு சட்டி வெந்நீரில் போட்டார். அது ஒழுங்காக வாயைத் திறந்தது. தண்ணீர் பம்பில் கசிவு இல்லை. காற்றாடி சுற்றியது. பெல்ட் இறுக்கமாக இருந்தது. எஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டருக்குள் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தார். வரவில்லை. எஞ்சினுக்குள் இருக்கும் கேஸ்கெட்டும் நிரபராதி.

"எப்பல்லாம் சூடாகுது?"

"சுமையோட ஏத்தம் ஏறும்போது அண்ணே. மொதல்ல பவர் போகுது. அப்புறம் சூடு."

"ஒவ்வொரு தடவையுமா?"

"இந்த ஒரு மாசமா அப்படித்தான். போன சனிக்கிழமை மட்டும் இல்ல. சைனாடவுன் மாரியம்மன் கோயில் பக்கம் ஒரு வேலை. இதே ரோடுதான். நாற்காலியோட கூடாரத்து இரும்புக் குழாய் எல்லாம் ஏத்தியிருந்தோம். மக வர்ஷாவும் கூட வந்தா. முள்ளு அசையவே இல்ல."

"மழை பெஞ்சிருக்கும். காத்து குளிர்ந்திருக்கும்."

"வெயில் மண்டையப் பொளந்துச்சு."

அங்கமுத்து கைத்துணியால் விரல்களைத் துடைத்தார். "சோதிக்க வேண்டியதெல்லாம் சோதிச்சிட்டேன் தங்கம். வயசுதான். இன்னும் ரெண்டு மாசத்துல சி.ஓ.இ. வேற முடியுது. புதுப்பிக்கணுமா? கழிச்சுக் கட்டிடு."

சி.ஓ.இ. என்பது சாலையில் ஓட வண்டிக்குத் தரப்படும் உரிமை. அதைப் புதுப்பிப்பது என்று தங்கம் மனத்துக்குள் முடிவு செய்து வெகு நாளாகிவிட்டது.

"வயசானா மெல்ல மெல்ல தளரும் அண்ணே. ஒரு நாள் ஓடி ஒரு நாள் படுக்காது" என்றாள்.

அன்று மாலை மார்சிலிங் வீட்டில் சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று பேர். தங்கம், கணவர் மருதப்பன், பன்னிரண்டு வயது வர்ஷா. மருதப்பன் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி. தலைக்கவசம் போடாதவனை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற மனிதர். வீட்டில் குரல் உயர்த்த மாட்டார்.

"அங்கமுத்துவே சொல்லிட்டாரு. இதுக்கு மேல என்ன?" என்றார்.

"காரணம் சொல்லல அவரு. வயசுன்னாரு."

"காரணம் நான் சொல்றேன். அஹ்சன். அவனுக்கு வேற கம்பெனியில வேலை ரெடியா இருக்கு. இந்த வண்டிய எதுக்குப் பாத்துக்கப் போறான்? மொதல்ல அவன அனுப்பு."

"அனுப்பிட்டு?"

"தொழில நிறுத்திடு. போன வருஷம் கூடாரத் துணி கட்டும்போது மேலேர்ந்து சறுக்கி விழுந்து மணிக்கட்ட ஒடிச்சுக்கிட்டே. இன்னும் எத்தன நாளைக்கு?"

"என்னால முடியற வரைக்கும்."

வர்ஷா தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா, வண்டி சரியானா நாளான்னிக்கி நானும் வரவா?"

"வேணாம்." மருதப்பன் சட்டென்று சொன்னார்.

"போன வாரம் மட்டும் ஓகே சொன்னீங்க. மொதல்ல வேணாம்னீங்க, அம்மா அழைச்சிட்டுப் போறேன்னதும் பேசாம குப்பை போடப் போனீங்க, திரும்பி வந்து சரி போயிட்டு வான்னீங்க. திஸ் டைம் ஒய் நாட்?"

"சாப்பிடு" என்றார் மருதப்பன்.

தங்கம் எழுந்து சமையலறைக்குப் போனாள். ஆரஞ்சுத் தோலையும் மீன் முள்ளையும் சுருட்டி, சுவரில் இருந்த குப்பைச் சரிவுக் குழாயின் இரும்பு மூடியை இழுத்து உள்ளே தள்ளினாள். பொட்டலம் எட்டு மாடியும் தடதடவென்று இறங்கும் ஓசை கேட்டது. அஹ்சனை அனுப்பச் சொன்ன வார்த்தையை அப்படித் தள்ளிவிட முடியவில்லை. ஆறு வருடம் கூட உழைத்தவன். ஒரு தடவைகூடத் தண்ணீர் பார்க்காமல் வண்டியைத் தொட்டதில்லை.

எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: வண்டி செத்துவிட்டது, விட்டுவிடு. சொல்லச் சொல்ல அவளுக்குப் பிடிவாதம் ஏறியது. எதனால் என்று தெரியாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் கீழே இறங்கியபோது, இரண்டாம் மாடிச் சீன ஆன்ட்டி துணி காயப்போடும் கழிகளைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார். தங்கத்தின் வண்டிச் சத்தத்தைப் பற்றி வருடக்கணக்கில் முறையிட்டவர். இன்று அவர் முகம் மலர்ந்திருந்தது. உன் லாரி ஒரு மாதமாகச் சத்தமே போடுவதில்லை, ரிப்பேர் செய்துவிட்டாயா, ரொம்ப நல்லது என்று ஆங்கிலத்தில் சொல்லித் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

தங்கம் அதே இடத்தில் நின்றாள்.

அந்த வண்டியில் யாரும் எதையும் ரிப்பேர் செய்யவில்லை. ஒரு மாதமாகச் சூடாகிறது. ஒரு மாதமாகச் சத்தமில்லை. பழைய டீசல் வண்டியின் சத்தம் எங்கிருந்து வரும்? பின்னாலிருந்து. புகைக் குழாயிலிருந்து.

அரை மணியில் அவள் பட்டறையில் இருந்தாள். அஹ்சனும் வந்திருந்தான்.

"அண்ணே, ஸ்டார்ட் பண்ணுங்க. நல்லா முறுக்குங்க."

எஞ்சின் முனகியது. தங்கம் வண்டியின் பின்னால் குந்தி, புகைக் குழாயின் வாய்க்கு நேரே உள்ளங்கையை நீட்டினாள். முகத்தில் அறைவதுபோல் வரவேண்டிய காற்று, தூங்குகிறவனின் மூச்சுப்போல் வந்தது.

அங்கமுத்து இறங்கி வந்து தானும் கையை நீட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. முன்பக்கம் ஓடி, பானட்டுக்குள் காதைக் கொடுத்தார். "இங்க சீறுது. பின்னால போக வழியில்லாத புகை முன் மூட்டுல கசியுது. மூச்ச வெளிய விட முடியாதவன் எப்படி மூச்ச இழுப்பான்? அதான் பவர் இல்ல. உள்ள மாட்டுன சூடெல்லாம் எஞ்சினுக்குத்தான்." கொஞ்சம் தயங்கி, "சூடுன்னு சொன்னதும் தண்ணிப் பக்கமே தேடிட்டேன் தங்கம். பின்பக்கம் பாக்கத் தோணல" என்றார்.

குழாய் ஆறியதும் உள்ளே டார்ச் அடித்தார்கள். ஒரு முழம் தள்ளி ஏதோ மின்னியது. கம்பி வளையம். அங்கமுத்து நீண்ட குறடால் வளையத்தைப் பிடித்து இழுத்தார். சட்டி தேய்க்கும் இரும்பு நார் உருண்டைகளைக் கம்பி வலைக்குள் திணித்துக் கட்டிய ஓர் அடைப்பு, கரி அப்பி, முஷ்டி அளவில் வெளியே வந்து விழுந்தது.

"வேணும்னே வெச்சது" என்றார் அங்கமுத்து. "போலீசுக்குச் சொல்லு. தொழில்ல யாராச்சும் பகையாளி இருப்பான்."

தங்கம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பகையாளி எதுக்கு அண்ணே வளையம் வெச்சுக் கட்டணும்?"

தங்கம் அடைப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டாள். கசிந்த மூட்டுக்குப் புது கேஸ்கெட் போட அங்கமுத்துவுக்கு மாலை ஆகும். அதற்குள் ஒரு கடமை பாக்கி இருந்தது.

அஹ்சனையும் கூட்டிக்கொண்டு எம்.ஆர்.டி. ரயில் பிடித்து லிட்டில் இந்தியா போனாள். ரேஸ் கோர்ஸ் சாலையில் நிவேதிதாவின் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டாள். நிவேதிதா உள்ளே அழைக்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டாள். பிறகு பஃபலோ சாலை முனையில் ஒரு தேநீர்க் கடையில் அவளும் அஹ்சனும் உட்கார்ந்தார்கள். மல்லிகைச் சரம் வாங்குகிறவர்களின் கூட்டம் மேசையை உரசிக்கொண்டு போனது.

"வேற கம்பெனிக்குப் போறியா அஹ்சன்?"

"கூப்பிட்டாங்க அக்கா. வரலன்னு சொல்லிட்டேன்."

"யாருகிட்ட சொன்னே இத?"

"உங்க வீட்டு அண்ணன்கிட்ட. ஒரு நாள் கீழ பாத்தப்ப பேச்சுவாக்குல சொன்னேன்." அவன் அடைப்பு இருந்த பையைப் பார்த்தான். "நான் வெச்சேன்னு நினைக்கிறீங்களா?"

"கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. போன சனிக்கிழமை வர்ஷா வரான்னு உனக்கு எப்ப தெரியும்?"

"காலைல வந்தப்பதான். நடு சீட்டுல பிள்ளை உக்காந்திருந்துச்சு."

"அதுக்கப்புறம் நீ வண்டிக்குப் பின்னால போனியா?"

"இல்லையே. லேட் ஆயிடுச்சுன்னு நீங்க உடனே எடுத்துட்டீங்க."

"அன்னிக்குத் தலை வலிச்சுதா?"

அஹ்சன் யோசித்தான். யோசித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். "இல்ல அக்கா. அன்னிக்கு வலிக்கல."

தங்கம் தேநீரைக் குடிக்கவில்லை. விடை அவளுக்குக் கிடைத்துவிட்டது. கிடைக்காமலே இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. இருபது வருடம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்ததை எல்லாம் அந்த ஒரு கணத்தில் புரட்டிப் பார்த்தாள். பிறகு கைப்பேசியை எடுத்தாள்.

"வேலை முடிஞ்சதும் அங்கமுத்து பட்டறைக்கு வாங்க" என்றாள். "வண்டிக்கு என்னன்னு கண்டுபிடிச்சாச்சு."

மருதப்பன் வந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பிக்கப் வாசலில் நின்றது. அங்கமுத்து சாவியைத் திருப்பினார். பழைய உறுமல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. பிறகு அவர் எஞ்சினை அணைத்தார்.

தங்கம் அடைப்பை ஒரு டிரம்மின் மேல் வைத்தாள். "இது புகைக் குழாய்க்குள்ள இருந்துச்சு."

மருதப்பன் அதைப் பார்த்தார். "நான்தான் நேத்தே சொன்னேனே. அஹ்சன்..."

"அஹ்சன் என் பக்கத்துல உக்காந்து, முன்னால கசிஞ்சு உள்ள வந்த அந்தப் புகைய மூச்சா இழுத்திருக்கான். தனக்குத்தானே யாரும் விஷம் வெச்சுக்க மாட்டாங்க. அது இருக்கட்டும். இந்த வளையத்தப் பாருங்க."

"அதுல என்ன?"

"வண்டியக் கெடுக்கணும்னு மட்டும் நினைக்கிறவன் உள்ள தள்ளிட்டுப் போயிடுவான். வளையம் வெச்சவன் வேணும்போது வெளிய எடுக்கணும்னு நினைச்சிருக்கான். எடுத்துமிருக்கான். போன சனிக்கிழமை இதே ஏத்தம், இதவிடப் பெரிய சுமை, கொளுத்தற வெயில். வண்டி சூடாகல. அஹ்சனுக்குத் தலை வலிக்கல. அன்னிக்கு இது உள்ள இல்ல. அன்னிக்கு மட்டும் என்ன வித்தியாசம்?"

தங்கம் அடைப்பை வளையத்தால் தூக்கிக் காட்டினாள்.

"வர்ஷா வண்டியில இருந்தா. அவ வரப்போறது வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்துலதான் முடிவாச்சு. அங்கமுத்து அண்ணனுக்குத் தெரியாது. அஹ்சனுக்குக் காலைலதான் தெரியும். அப்புறமும் அவன் வண்டிக்குப் பின்னால போகல. தெரிஞ்சது மேசையில இருந்த மூணு பேருக்கு. அதுல ஒருத்தர் மொதல்ல வேணாம்னாரு, எழுந்து கீழ போனாரு, திரும்பி வந்து சரின்னாரு."

"குப்பை போடத்தானே போனேன்."

"நம்ம வீட்டுக் குப்பை சமையலறைச் சுவத்துலயே விழுந்துடும்ங்க. அதுக்கு எட்டு மாடி எறங்கணுமா?"

அங்கமுத்து பார்வையைத் தரைக்கு இறக்கினார்.

"நீங்கதான் வெச்சீங்க" என்றாள் தங்கம். "கப்பல் தொட்டிக்குள்ள ஒருத்தன் எறங்கறதுக்கு முன்னாடி உள்ள காத்து நல்லா இருக்கான்னு சோதிக்கிறவரு நீங்க. மக உக்காரப்போறான்னதும் ஓடிப்போய் எடுத்தீங்க. அப்ப ஆபத்துன்னு தெரிஞ்சிருக்கு. அப்புறம் திரும்ப வெச்சீங்க. நான் உக்காந்தா பரவால்லையா?"

"புகை உள்ள வரும்னு நினைக்கல தங்கம். சத்தியமா. இழுவைதான் குறையும், வண்டி கழண்டுடுச்சுன்னு நீயே விட்டுடுவேன்னு நினைச்சேன். பிள்ள வரான்னதும், நடு ரோட்டுல நின்னா என்ன ஆகும்னு மனசு கேக்கல."

"நடு ரோட்டுல நின்னது நானும் அஹ்சனும்."

"தெரியும்."

"பழிய அவன் மேல போட்டீங்க."

மருதப்பன் அஹ்சன் பக்கம் திரும்பினார். "சாரி அஹ்சன்."

அஹ்சன் உடனே தலையாட்டவில்லை. "நேத்து அக்கா முகத்தப் பாத்தே வேலை போயிடும்னு நினைச்சேன் அண்ணே. வீட்டுல சொல்லிட்டேன். என் மனைவி ராத்திரி பூரா தூங்கல." கைப்பேசியை எடுத்து ஓர் எண்ணை அழுத்தி நீட்டினான். "என் மேல தப்பில்லன்னு நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைப்பா."

கைப்பேசியில் ஒரு பெண் குரல் ஹலோ, ஹலோ என்றது. மருதப்பன் அதை வாங்கினார். முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணிடம், தான் செய்ததை முதலிலிருந்து சொன்னார். முழுதும் சொல்லி முடிக்கும்வரை தங்கம் அவரைக் காப்பாற்ற ஒரு வார்த்தையும் பேசவில்லை.

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் அவள் அருகில் வந்தார். "நீ கை ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கெடந்தப்பலேர்ந்து எனக்குப் பயம். என் அண்ணன் தம்பிங்க வேற, பொண்டாட்டிய லாரி ஓட்ட விட்டுட்டான்னு ஒவ்வொரு விசேஷத்துலயும் சிரிக்கறாங்க. ரெண்டுந்தான். ஓட்டாத தங்கம். கேக்கறேன்."

"இத ஒரு வருஷம் முன்னாடியே என் முகத்தப் பாத்துக் கேட்டிருக்கலாம்."

"இப்ப கேக்கறேன்."

"கேட்டுட்டேன். ஓட்டுவேன். அடுத்த வாரம் சி.ஓ.இ. புதுப்பிக்கறேன். துணி கட்ட மேல ஏறும்போது இடுப்புல கயிறு மாட்டிக்கறேன், உங்க பயத்துக்காக அது ஒண்ணு. சிரிக்கறவங்களுக்காக ஒண்ணும் கிடையாது."

அவள் வண்டியில் ஏறினாள். அஹ்சன் மறுபக்கம் ஏறிக் கதவைச் சாத்தினான். மருதப்பன் ஜன்னலருகே வந்து, நடு இருக்கையைப் பார்த்தார்.

"நானும் வரேன்."

"இன்னிக்கு வேணாம்" என்றாள் தங்கம். "நீங்க பஸ்ல வாங்க. வர்ஷாவுக்கு நீங்களே சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே வாங்க."

கியரைப் போட்டாள். பட்டறைத் தெருவின் கோடியில் கண்ணாடியில் பார்த்தபோது, மருதப்பன் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார். சாலை மேடேறியது. தங்கம் வேகத்தைக் குறைக்கவில்லை.